கப்பமா, சிற்றரசா

சித்த உக்காருங்கண்ணா. அவ உள்ள தையல் மிஷினைக் கட்டிட்டிருக்கா, அரை மணி நேரமாவது ஆகும். கட்டற வேலையில எங்க வளர்மதி அவசரப்படவே மாட்டா. தலையைத் தனியாக் கழட்டணும், மேசையைத் தனியாக் கழட்டணும், ஒரு ஸ்க்ரூ விடாம டப்பாவுல போட்டு மேல பேரெழுதணும். பதினாறு வருசமாப் பாக்கறேன், பொண்டாட்டியை மாத்த முடியுதா? அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கங்க. அது காய்ஞ்சு போன இங்க்குதான், வேட்டியில ஒட்டாது.

போன தடவையும் நீங்கதானே வந்தீங்க? குட்டியானை வண்டியை பேக்கரி முன்னால நிறுத்திட்டு, பேக்கரிக்காரர் சத்தம் போட்டாரே? ஆமா, அன்னைக்கு எனக்கு ஒரு கல்யாண ஃப்ளெக்ஸ் ஓடிட்டிருந்துச்சு, உங்ககிட்ட ஒரு வார்த்தை பேச முடியல. மூணு மிஷின் போயிருச்சு. இது நாலாவது, இதோட தீந்துது. எல்லாம் ரிப்பேருங்க. சென்னிமலையில ஒருத்தர் நல்லாப் பாக்கறார்னு சொன்னா. நல்லாப் பாக்கறாரோ என்னவோ, போனது ஒண்ணும் திரும்பி வரல. நான் ஒருக்கா வந்து ரெண்டு சத்தம் போடட்டுமான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டா. சரின்னு விட்டுட்டேன். தையல் விசயத்துல நான் தலையிடறதே இல்லீங்க. அது அவ ராஜ்ஜியம்.

கம்ப்யூட்டரையே பாக்கறீங்களே, என்னன்னு கேக்கறீங்களா? கேளுங்க. கேக்கறதுக்கு ஒரு ஆள் இல்லாமத்தான் ரெண்டு மாசமா நெஞ்சுல வெச்சுட்டு உக்காந்திருக்கேன்.

இது ஒரு ஆட்டம். நிலமுடின்னு பேரு. துப்பாக்கி எடுத்துச் சுடற ஆட்டமில்லீங்க, பொறுமையா ஆடறது. பழைய காலத்து ராஜாங்க கதை. ஆளுக்கொரு நாடு. ஏரி வெட்டலாம், கோட்டை கட்டலாம், பக்கத்து நாட்டோட ஒப்பந்தம் போடலாம், சண்டைக்குப் போகலாம். நமக்கு ஒரு மாசம்னா அங்க ஒரு வருசம். எதுத்தாப்ல இருக்கறவங்க எல்லாம் நம்மளை மாதிரி மனுசங்கதான். தேனி, ராசிபுரம், கும்பகோணம்னு அங்கங்க உக்காந்து ஆடறாங்க.

இந்த மேக்கு மூலையில பச்சையா இருக்குது பாருங்க, அதுதான் நம்ம நாடு. மேல்கரை நாடு. பதினொரு ஊரு. ரெண்டு வருசமா ஒவ்வொரு ஊரா நான் உண்டாக்குனது. கொடியில காளை இருக்குதுங்களா? நானே வரைஞ்சது. கொம்பு மட்டும் மூணு நாள் வரைஞ்சேன். காசு குடுக்கற கஸ்டமருக்குக்கூட அப்படி ஒரு வேலை பண்ணுனதில்லை.

அதுக்குக் கீழ ஒரு மஞ்சக் கோடு ஓடுது. தொண்ணூத்தொம்போதுன்னு நிக்குதா? அது நூறானா இந்தப் பச்சை போயிரும். பக்கத்துல பெருசா சிவப்பு கிடக்குதே, அதோட சேந்துரும். பதினொன்னரைக்கு முடியும்னு போட்டிருக்கான். இப்ப மணி என்னங்க? பத்தே முக்காலா. அவ்வளவுதான். இன்னும் முக்கா மணி நேரம் நான் ராஜா.

நிறுத்த முடியாதான்னு கேக்கறீங்க. முடியும். நான் விசுவாசம் கெட்ட பயலா இருந்திருந்தா நிறுத்தியிருக்க முடியும். அதுதாங்க எனக்கு ஆறவே மாட்டேங்குது.

மொதல்ல இருந்து சொல்றேன். போன வருசம் மாசியில, வடக்குப் பக்கத்துல இருந்து ஒருத்தன் என் மேல படையெடுத்தான். ஊரு பேரு தெரியாதவன், அஞ்சே நாள்ல நாலு ஊரைப் புடிச்சுட்டான். எனக்குக் கடையில வேலையே ஓடல. ஒரு கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேரு வர்ற எடத்துல பொண்ணோட அப்பா பேரைப் போட்டு, அவங்ககிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். அப்பத்தான் ராசிபுரம் தனசேகரன் வந்தாப்ல. விசைத்தறி சாமான் கடை வெச்சிருக்கறாப்ல. நேர்ல பாத்ததில்லை, ஆட்டத்துல பழக்கம்தான். அந்தச் சிவப்பு நாடு அவருது. நாப்பது ஊரு. "மச்சான், எனக்குக் கீழ வந்துரு, ஒரு பய உன்னத் தொட மாட்டான்"னாப்ல. என்னைவிட நாலு வயசு சின்னவரு, ஆனாலும் நான் அண்ணான்னுதான் கூப்புடுவேன். நாப்பது ஊரு வெச்சிருக்கறவரை வேற எப்படிக் கூப்புடறது?

ஒரு பெரிய நாட்டுக்குக் கீழ போறதுக்கு இதுல ரெண்டு வழி. ஒண்ணு கப்ப நாடு. வருசத்துக்கு ஒருக்கா நெல்லோ, பொன்னோ, படையாளோ குடுத்துரணும். நிறையவே குடுக்கணும். குடுத்துட்டா அவன் பாட்டுக்கு அவன், நம்ம பாட்டுக்கு நாம. யாரோட வேணாலும் பேசலாம், யாரோட வேணாலும் சண்டை போடலாம். ஆனா நம்ம மேல எவனாச்சும் வந்தா அவன் வந்தே ஆகணும்னு கட்டாயமில்லை, மனசிருந்தா வருவான். இன்னொண்ணு சிற்றரசு. குடுக்கறது கொஞ்சம்தான். நம்மளை ஒருத்தன் அடிச்சா அவன் வந்தே தீரணும். அதுக்குப் பதிலா அவன் சண்டைக்கெல்லாம் நாம போகணும், அவனைக் கேக்காம வெளிய ஒருத்தரோடயும் பேச்சு வெச்சுக்கக் கூடாது.

ரெண்டு பட்டன். ஒண்ணுல கப்ப நாடுன்னு இருக்குது, ஒண்ணுல சிற்றரசுன்னு இருக்குது. நான் பதினெட்டு வருசமா போர்டு அடிக்கறவன், வார்த்தையைத்தான் பாத்தேன். கப்பம். கேக்கறப்பவே கூசுதுங்களா இல்லையா? பள்ளிக்கூடத்துல இருந்து படிச்சுட்டு வந்திருக்கோம், வெள்ளைக்காரன் கேட்டான், நம்மாளுங்க கட்ட மாட்டேன்னாங்க, தூக்குல போட்டான். அந்த வார்த்தையை நான் எப்படி அமுத்துவேன்? சிற்றரசு பாருங்க. அதுல அரசு இருக்குது. சின்னதோ பெருசோ, அரசு அரசுதானே? அமுத்திட்டேன்.

பட்டனுக்குக் கீழ பொடி எழுத்துல ஒரு பத்தி இருந்துச்சு. நான் படிக்கல. நிபந்தனைகளுக்கு உட்பட்டதுன்னு ஊருக்கெல்லாம் பொடி எழுத்துல அடிச்சுக் குடுக்கறவன் நான். அதை எவனும் படிக்க மாட்டான்னு தெரிஞ்சேதான் அடிக்கறோம். அந்தத் திமிர்ல நானும் படிக்கல.

அப்புறம் பத்து மாசம் அண்ணா, சொன்னா நம்ப மாட்டீங்க, அண்ணன் தம்பி மாதிரி இருந்தோம். வந்தவனை எட்டே நாள்ல தொரத்தி விட்டாப்ல. போன நாலு ஊரும் திரும்பி வந்துச்சு. அவர் கூப்பிட்ட சண்டைக்கெல்லாம் மொத ஆளா நான்தான் போனேன். வளர்மதி சோறு போட்டு வெச்சுட்டுக் கூப்பிடுவா, "இரு வளர், தனசேகரண்ணன் கோட்டைக்கு வெளிய நிக்கறாப்ல"ன்னு சொல்லுவேன். அவ தட்டை மூடி வெச்சுட்டுப் போயிருவா.

அவளைப் பத்திச் சொல்லணும்ங்க. அந்த மாதிரி ஒரு பொம்பளை கிடைக்கறது கஷ்டம். கல்யாணத்துக்கு முன்னாலயே தையல் கிளாஸ் நடத்துனவ, தெரியுங்களா? கரூர் ரோட்டுல ஒரு மாடியில, ஆறு மிஷின், காலையில ஒரு இருவது பொண்ணுக, சாயந்தரம் ஒரு இருவது. அந்த கிளாஸுக்கு போர்டு அடிக்கத்தான் மொத மொதல்ல எங்கடைக்கு வந்தா. வளர்மதி தையல் பயிற்சி நிலையம். எழுத்து பத்தல, இன்னும் கொஞ்சம் பெருசாப் போடுங்கன்னு மூணு தடவை திருப்பி அனுப்புனா. மூணாவது தடவை வர்றப்பவே எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன்.

எட்டு வருசத்துக்கு முன்னால நான்தான் சொன்னேன். ஒரே குடும்பத்துக்கு எதுக்கு ரெண்டு எடம், ரெண்டு பூட்டு? எங்கடையில பின்னால காலியாத்தானே கிடக்குது, வந்துருன்னேன். சரிங்கன்னா. ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. சிவம் டிஜிட்டல்ஸ்னு இருந்த போர்டுல கீழ அவ பேரையும் போட்டேன். அப்புறம் ஒரு காத்து மழையில அது கிழிஞ்சுது. புதுசு அடிக்கறப்ப வாட்ஸ்அப் நம்பர் போட வேண்டியிருந்துச்சு, எடம் பத்தல, தையல்னு மட்டும் போட்டேன். அடுத்த வருசம் லேமினேஷன் மிஷின் வந்துச்சு, அதை வெக்கறதுக்குத் தையல் மிஷின் ரெண்டைக் குடுத்துட்டோம். பொண்ணுக வர்றதும் நின்னு போச்சு, இது ஆம்பளைங்க வந்து போற கடை பாருங்க. அப்புறம் அவளும் எங்கூடவே டிசைன் வாங்கறது, பிழை பாக்கறதுன்னு உக்காந்துட்டா. ஒரு சண்டை உண்டா? ஒரு மூஞ்சித் தூக்கல் உண்டா? எதைச் சொன்னாலும் சரிங்கதான். எங்க வீட்டு ஒத்துமையைப் பாத்து ஊரே பேசும்.

எங்க விட்டேன்? ஆமா, பத்து மாசம்.

மார்கழி கடைசியில ஒரு நாள் கடையைத் தொறந்து கம்ப்யூட்டரைப் போட்டா, திரையில ஒரு ஓலை. "சேர்ப்பு தொடங்கியது"ன்னு. நான் ஏதோ பொங்கல் விழான்னு நினைச்சேன். அப்புறம்தான் இந்த மஞ்சக் கோடு வந்துச்சு. அன்னைக்குத்தான் அந்தப் பொடி எழுத்தை முழுசாப் படிச்சேன். சிற்றரசா வந்து பத்து வருசம் ஆயிட்டா, அதாவது நமக்குப் பத்து மாசம், பெரிய நாடு நம்மளை அப்படியே தன்னோட சேத்துக்கலாம். ஆனா ஒரு நிபந்தனை. சிற்றரசனோட விசுவாசம் அம்பதுக்கு மேல இருக்கணும். அம்பதுக்குக் கீழ இருந்தா தொடங்கவே முடியாது. நடுவுல எறங்குனாலும் கோடு அப்படியே நின்னு போகும்.

எம்பட விசுவாசம் எவ்வளவு தெரியுங்களா? தொண்ணூத்தி ரெண்டு.

கேட்டீங்களா அண்ணா? துரோகம் பண்றவனைத் தொட முடியாது. எவன் கூடவே நின்னானோ அவனைத்தான் முழுங்கலாம். தேனியில ஒரு அக்கா இருக்காங்க, அவங்களும் தனசேகரனுக்குக் கீழதான், சிற்றரசுதான், எனக்கு முன்னாலயே வந்தவங்க. அவர்கூட மாசத்துக்கு ஒரு சண்டை போடுவாங்க. படை கேட்டா இல்லைம்பாங்க. அவங்க விசுவாசம் எப்பவும் நாப்பது, நாப்பத்திரெண்டு. தனசேகரன் அவங்களைக் கெஞ்சாத நாளில்லை. அந்தக்கா எங்கிட்ட ஒருக்கா சொன்னாங்க, "தம்பி, எப்பவும் ஒரு சடவை, ஒரு மனத்தாங்கலைக் கையில வெச்சுக்க"ன்னு. நன்றி கெட்ட பொம்பளைன்னு நான் நினைச்சேன். அவங்க நாடு இன்னைக்கும் அப்படியே இருக்குது. அதா, அந்த ஊதா.

நான் சும்மா உக்காந்திருக்கல. விசுவாசத்தைக் கொறைக்கப் பாத்தேன். அடுத்த சண்டைக்குக் கூப்பிட்டாப்ல, போகல. எட்டு எறங்குச்சு. தனசேகரன் என்ன பண்ணுனாப்ல தெரியுமா? "வேலை இருந்திருக்கும், பரவால்ல மச்சான்"னு எழுதிட்டு நாலு குதிரை அனுப்பிட்டாப்ல. பரிசு வந்தா விசுவாசம் ஏறும். பழையபடி தொண்ணூத்தி ரெண்டு. எனக்கு ஆத்திரம் தாங்கல, வாயில வந்ததையெல்லாம் எழுதி அனுப்புனேன். கொஞ்சம் எறங்குச்சு. "தலைவலியா மச்சான்? சுக்குக் காப்பி குடி"ன்னு எழுதி, கூடவே ஒரு வண்டி நெல்லு. மறுபடி ஏறிருச்சு. நல்லவன்கிட்ட எப்படிங்க சண்டை போடறது?

பரிசை வேண்டாம்னு சொல்லவும் ஒரு பட்டன் இருக்குது. இல்லைன்னு சொல்லல. அதை அமுத்துனா ஒரே அடியில இருவது எறங்கும். கணக்குப் போட்டுப் பாத்தேன், மூணு தடவை மறுத்தா நான் தப்பிச்சேன். அடுத்த பரிசு வரட்டும்னு காத்துட்டு இருந்தேன். பொங்கலன்னைக்கு வந்துச்சு. ரெண்டு யானை. கூட ஒரு ஓலை. "தங்கச்சி வீட்டுக்கு அண்ணனோட பொங்கல் சீர்."

இப்பச் சொல்லுங்க. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? பரிசுன்னு வந்திருந்தா மறுத்திருப்பேன். சீர்னு வந்திருக்குது. பொண்டாட்டி பேரைச் சொல்லி, அண்ணன் முறையில, பொங்கலன்னைக்கு வந்த சீரை வாசல்ல இருந்தே திருப்பி அனுப்புனவன் எங்க வம்சத்துலயே கிடையாது. கை அந்தப் பட்டனுக்குப் போகவே மாட்டேன்னுருச்சு. ஏத்துக்கிட்டேன். தைப்பூசத்துக்கு ஒரு சீர். மாசி மகத்துக்கு ஒரு சீர். எல்லாத்தையும் ஏத்துக்கிட்டேன். தொண்ணூத்தேழு, தொண்ணூத்தெட்டுன்னு போய், இப்ப விசுவாசமும் நூறு.

அன்னைக்கு யானை வந்ததும் வளர்மதியைக் கூப்பிட்டுக் காட்டுனேன். பாரு, உனக்கு ராசிபுரத்துல ஒரு அண்ணன் இருக்கான், ரெண்டு யானை அனுப்பியிருக்கான்னு சிரிச்சேன். அவ சிரிக்கல. "எனக்கா வந்துச்சு? எங்கிட்ட நீங்க கேக்கவே இல்லையே"ன்னா. ஆட்டத்துல வர்ற யானைக்கு எதுக்கு உன்னக் கேக்கணும்னேன். "திருப்பி அனுப்பியிருந்தா என்ன ஆகும்?"னு கேட்டா. அவ இந்த ஆட்டத்தைப் பத்தி ஒரு கேள்வி கேட்டதே அன்னைக்குத்தான். எனக்கு ஒரே சந்தோசம், உக்கார வெச்சு எல்லாம் சொன்னேன். கப்பம் எப்படி, சிற்றரசு எப்படி, விசுவாசம் எப்படி, பத்து வருசம் எப்படின்னு. நல்லாக் கேட்டுக்கிட்டா. கடைசியில, "அப்ப சரி சரின்னு இருக்கறவங்களைத்தான் முழுங்க முடியும், இல்லீங்களா?"ன்னா. "ஆமா வளர், சரியாப் புடிச்சுட்ட"ன்னேன். நான் சொல்லிக் குடுத்தா யாருக்கும் புரியும்ங்க.

அந்த வாரம்தான் மொத மிஷின் ரிப்பேர் ஆச்சு.

தனசேகரனுக்கு போன்கூடப் பண்ணிப் பாத்தேன். போன வாரம். மொத தடவையா குரலைக் கேக்கறேன். அண்ணா, நம்ம நாட்டை விட்டுருங்கண்ணா, நான் எப்பவும் உங்க கூடத்தானே இருக்கேன்னேன். "உன் ஊரு எங்க மச்சான் போகுது? இருந்த எடத்துலயேதான் இருக்கும். பேருதானே மாறுது"ன்னாப்ல. கொடி போயிருமேன்னேன். "கொடியா?"ன்னாப்ல. அந்தக் காளையை அவர் பாத்ததே இல்லைங்க. பத்து மாசம் அது அவர் படைக்கு முன்னால போயிருக்குது, பாத்ததே இல்லை. கோவமா ஏதாச்சும் பேசியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன். அத்தனை பிரியமாப் பேசறாப்ல, நான் சரிங்கண்ணான்னு சொல்லிட்டு வெச்சுட்டேன்.

அதான் கதை. ஒண்ணும் பண்ண முடியல, பாத்துட்டே உக்காந்திருக்கேன். மணி பதினொண்ணேகால் ஆச்சுங்களா?

என்ன சொன்னீங்க? இதையும் மாடிக்குத்தான் ஏத்தணுமான்னா, அவளைத்தான் கேக்கணும், ரிப்பேர் கடை மாடியிலயா இருக்குது? மாடியில மிஷினை ஏத்தி எவன் ரிப்பேர் பண்றான்? ஜன்னலோரமா வரிசையாப் போட்டிருக்குதா? எது, நம்ம மிஷினா? ஓடுதா? யாரு, பொண்ணுகளா? எத்தனை பொண்ணுக? நல்லாப் பாத்தீங்களா அண்ணா, வேற யாரோட மிஷினாவாச்சும் இருக்கப் போகுது.

சித்த இருங்க. உள்ள போயிட்டு வந்துடறேன்.

கேட்டேனுங்க.

வளர், சென்னிமலையில ரிப்பேர் கடை இல்லையாமே, கிளாஸாமேன்னு கேட்டேன். "ஆமாங்க"ன்னா. டப்பாவுக்கு மூடி போட்டுட்டே சொல்றா, நிமிந்துகூடப் பாக்கல. மாசி பொறந்ததுல இருந்து நடக்குதாம். காலையில பதினொரு பொண்ணுக வர்றாங்களாம். நம்ம கடைக்கு இனி வர மாட்டாளாம். வீட்டுக்கு வருவா, அது சொன்னா. சாயந்தரம் ஆறு மணி பஸ்ஸுக்கு வந்துருவேன், மத்தியானச் சோறு டப்பாவுல இருக்குது, ரசத்தை மட்டும் சூடு பண்ணிக்கங்கன்னா. வீட்டை விட்டெல்லாம் போகல, அப்படி நினைச்சுராதீங்க.

எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேன்னேன். அதுக்கு என்ன சொல்றா தெரியுங்களா? "சொல்லியிருந்தா நீங்க ஒரு சேலை எடுத்துட்டு வந்திருப்பீங்க"ங்கறா.

சேலைக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? நீங்களே சொல்லுங்க. நான் அடிச்சேனா, திட்டுனேனா? சேலை எடுத்துக் குடுக்கறது ஒரு குத்தமா? மூணு வருசத்துக்கு முன்னால ஒருக்கா, கரூர் ரோட்டுல அந்த மாடி மறுபடி காலியா இருக்குதாம்னு பேச்செடுத்தா. மறுநாளே ஈரோடு போயி நல்ல பட்டுச் சேலை ஒண்ணு எடுத்துட்டு வந்தேன். சந்தோசமா வாங்கிக் கட்டிக்கிட்டா. அந்தப் பேச்சே அப்புறம் வரல. எல்லாம் நல்லபடியாத்தானே போச்சு?

எங்கிட்ட இதையெல்லாம் சொல்றப்ப அவ குரல்ல கோவமே இல்லைங்க. அதுதான் எனக்கு பயமா இருக்குது.

என்னது, நூறாச்சா? எப்ப ஆச்சு? நான் உள்ள இருந்தப்பவா? காட்டுங்க. ஆமா. பச்சை இல்லை. எல்லாம் சிவப்பு. "வாழ்த்துகள், உங்கள் நாடு இணைந்தது"ன்னு போட்டிருக்கான். காளையும் போச்சு. ரெண்டு மாசமா இந்த ஒரு நிமிசத்தை நினைச்சு உக்காந்திருந்தேன், வந்தப்ப நான் பக்கத்துல இல்லை. அதை அணைச்சுருங்கண்ணா, அந்தக் கீழ இருக்கற சுவிட்சு. அணைஞ்சு கிடக்கட்டும்.

அது கிடக்குது. நீங்க இதைச் சொல்லுங்க. அங்க போர்டு மாட்டியிருக்குதா?

மாட்டியிருக்குது. ஃப்ளெக்ஸா? ஆமா, ஃப்ளெக்ஸாத்தான் இருக்கும். அவ பேருதானா? வளர்மதின்னா? சரி. நான் அடிக்கலைங்க அது. பாருங்க, இங்க எட்டடிக்கு மிஷின் நிக்குது, நான் நிக்கறேன், இந்தச் சுத்துவட்டாரத்துல எவன் கல்யாணம், எவன் காதுகுத்துன்னாலும் எங்கிட்டத்தான் வருவான். எம்பட பொண்டாட்டி வெளிய குடுத்து போர்டு அடிச்சிருக்கா. நாடு போனாப் போகட்டும்ங்க. இதைத்தான் தாங்க முடியல.

எப்படி இருக்குது போர்டு? என்ன கலர்? மஞ்ச மேல நீலமா. அந்தக் கலருக்கு எழுத்து கொஞ்சம் தடியாப் போடணும், இல்லைன்னா வெயில்ல வெளுத்துரும். ரோட்டுல போறப்பவே படிக்க முடியுதா? முடியுதா. எழுத்து பெருசா இருக்குதா? சரி. அப்ப நல்லாத்தான் அடிச்சிருக்கான்.

வந்துட்டா. கட்டியாச்சுங்கறா. நீங்க அந்தப் பக்கம் புடிங்க, நான் இந்தப் பக்கம் புடிக்கறேன். மெதுவா. படியில காலை வெங்க. வளர், நீ தூக்காத, நாங்க தூக்கிக்கறோம், நீ போயி முன்னால உக்காரு. அம்மாடி, இத்தனை கனமா இருக்குது. எட்டு வருசமா எங்கடையில கிடந்துச்சு, இன்னைக்குத்தான் நான் தூக்கறேன்.

கயிறு நல்லாக் கட்டுங்க. அண்ணா, இப்படி சித்த தள்ளி வாங்க, ஒரு உதவி. போற வழியில அவகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, நான் ஒரு நாள் வந்து அந்த கிளாஸைப் பாத்துட்டுப் போகலாமான்னு. நானே கேக்கலாம், அவ சரிங்கன்னுதான் சொல்லுவா. எதைக் கேட்டாலும் அவ எங்கிட்ட அப்படித்தான் சொல்லுவா. நீங்க கேட்டா நெசத்தைச் சொல்லுவா. வேண்டாம்னு சொன்னாலும் சொன்னபடியே வந்து சொல்லுங்க, நான் கடையிலதான் இருப்பேன்.